தகரக் கொட்டகையின் உட்சுவர்

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். விடிகாலை ஐந்தரை மணிக்குத் தம்பி மகன் போன் செய்தான். அந்த நேரத்தில் போன் வந்தால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் அடிவயிறுதான் கலங்கும்.

"பெரியப்பா, நேத்து ராத்திரி காரைக்கால்ல மழை பெஞ்சுதா?"

"இல்லையேப்பா. பனிதான். ஏன்?"

"என் ஷெட்டுக்குள்ள மட்டும் பெஞ்சிருக்கு. வந்து பாருங்க."

திருநள்ளாறு சாலையில் ஒரு மனைக்கட்டில் அவன் புதிதாகப் பட்டறை போட்டிருந்தான். படகு இன்ஜின் ரிப்பேர் அவன் தொழில். முப்பதுக்கு இருபது அடி, உயரம் பதினான்கு. நாலு பக்கமும் ஸ்கொயர் பைப் நட்டு, சுவருக்கும் கூரைக்கும் ஒரே தகரம். பதினெட்டு நாளில் எழுந்து நின்ற கட்டடம். செங்கல் கட்டினால் ஆறு மாதம் என்று கணக்குப் பார்த்தவன் அவன்.

போய்ப் பார்த்தேன். கூரையின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். அது சேர்ந்து சேர்ந்து தகரத்தின் நெளிவு வழியாகச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. லேத் மெஷினின் பளபளத்த படுகைமேல் மஞ்சள் தூவினாற்போலத் துரு. போன வாரம் துடைத்து எண்ணெய் போட்டதுதான் என்றான். குரல் கம்மியிருந்தது. அந்த லேத் பழையதுதான், ஆனாலும் அவன் மனைவியின் நகை அதில் இருக்கிறது.

கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. தகரம் வேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். வானம் தெளிந்த இரவில் தகடு தன் சூட்டை மேலே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? உள்ளே இருக்கும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் நீராகி நிற்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் நனைவது போலத்தான். கோடையில் இதே தகரம் உள்ளே இருப்பவனை வறுக்கும், பனிக்காலத்தில் நனைக்கும். "இதுக்கு உட்சுவர் போடணும்டா. நீ பாதிக் கட்டடம்தான் கட்டியிருக்கே" என்றேன்.

நான் இன்ஜினியர் இல்லை என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்கள் அறிவார்கள். முப்பத்தாறு வருடம் எஸ்டிமேட் கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்திய குமாஸ்தா. ஆனால் பாதிக் கட்டடம் என்று நான் சொன்னது வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். 1954 நவம்பர் 1 ஆம் தேதி நிர்வாகம் கைமாறிய பிறகும் எங்கள் வகுப்பில் திக்தே என்கிற சொல்வதெழுதுதல் பிரெஞ்சில்தான் நடந்தது. ஒருமுறை அதில் 'தொல் ஒந்துலே' என்று ஒரு சொல் வந்தது. எனக்குத் தெரிந்த அலை எல்லாம் கடற்கரையில் இருப்பவைதான். அலையடிக்கும் தகடு என்றால் என்ன என்று விழித்தேன். ஆசிரியர் ஜன்னல் வழியே எதிரில் இருந்த சைக்கிள் கொட்டகையின் கூரையைக் காட்டினார். நெளி தகரம்! அன்று முதல் அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

இந்தத் தகரத்துக்குத் தாய் ஒரு நாடு, தந்தை ஒரு நாடு. இரும்புத் தகட்டை நெளித்தால் பலம் கூடும் என்று 1829 இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற ஆங்கிலேயர், லண்டன் துறைமுகப் பொறியாளர். காகிதத்தைச் சும்மா பிடித்தால் தொங்கும், விசிறி மடிப்பு மடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா, அதே தத்துவம். ஆனால் நெளித்த இரும்பு துருப்பிடிக்குமே? உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கினால் துரு அண்டாது என்று 1742 லேயே பாரிஸ் அறிவியல் கழகத்தில் மலுவேன் என்பவர் சொல்லிவிட்டார். அதைத் தொழிலாக்கி 1837 இல் காப்புரிமை பெற்றவர் சொரேல் என்ற பிரெஞ்சுக்காரர். நாம் ஜிஐ ஷீட் என்கிறோமே, அதில் ஷீட் ஆங்கிலேயருடையது, ஜிஐ எங்கள் ஆட்களுடையது என்று என் பள்ளித் தோழர் ஒருவர் சொல்லுவார். எங்கள் ஆட்கள் என்று அவர் பிரெஞ்சுக்காரரைச் சொல்வதை இன்னும் விடவில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் இந்தத் தகரத்தை வைத்து மனிதர் புழங்கும் கட்டடம் எழுப்பியவர்கள், உட்சுவரையும் கட்டடத்தின் பாகமாகவே நினைத்தார்கள். 1850களுக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து தகரத்தால் ஆன தேவாலயங்கள், வீடுகள், ஆஸ்பத்திரிகள் பாகம் பாகமாகப் பெட்டியில் கட்டப்பட்டு ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறின. அந்தத் தகரக் கோயில்களின் உட்பக்கத்தில் மரப்பலகைகளைப் பதித்தார்கள். ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் காடிக்குள் நுழையும்படி இழைத்த பலகைகள். பிரெஞ்சில் இதற்கு லாம்ப்ரி என்று பெயர். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் கம்பளிக் கட்டு வைப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தகரம், உள்ளே போனால் மரவீடு. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்கூட ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகைக்கு 1851 இல் ஒரு தகர நடனக் கூடம் வாங்கிப் போட்டார். அது பிற்காலத்தில் தச்சுப் பட்டறையாகிவிட்டது. என் தம்பி மகனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நம்ம பட்டறையும் ராஜ வம்சம்தான்" என்றான்.

முதல் உலகப் போரில் 1916 இல் நிஸ்ஸன் என்ற ராணுவப் பொறியாளர் அரை உருளை வடிவத்தில் ஒரு தகரக் குடிலை வடிவமைத்தார். ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஆறு பேர் நாலு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். குண்டு விழும் இடத்தில், நாலு மணி நேரத்தில் எழுப்பும் குடிலில்கூட அவர் உட்சுவரை விடவில்லை. வெளித்தகரம் ஒன்று, உள்ளே இன்னொரு உறை, நடுவில் காற்று இடைவெளி. பிரான்சின் குளிரிலும் சேற்றிலும் அந்தக் குடில்களில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் படுத்திருந்தார்கள். பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் அந்தப் போருக்கு ஆட்கள் போனார்கள். போய்த் திரும்பாதவர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அடுத்த போரில், 1941 இல், அமெரிக்கர்கள் இதே மாதிரியில் குவான்செட் குடில் செய்தபோதும் உள்ளே அழுத்திய மரநார்ப் பலகை பதித்தார்கள். நாம் ஹார்ட்போர்டு என்கிறோமே, அதே சாமான்தான். அதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

இப்படி எங்கே போனாலும் இரண்டு தோலோடு போன தகரம், நம் டெல்டாவுக்கு ஒரு தோலோடு வந்தது. 1861 இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நாகையில் ரயில்வே பணிமனை வந்தது. 1928 வாக்கில் அது பொன்மலைக்குப் போகும்வரை இரும்பு வேலை என்றால் இந்தக் கரையில் நாகைதான். 1898 இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கும் பாதை போட்டார்கள். ரயிலோடும் துறைமுகத்தோடும் வந்த தகரம் சரக்குக்குக் கூரையாகத்தான் வந்தது. நெல் மூட்டைக்கும் உப்புக்கும் எதற்கு லாம்ப்ரி? மழையிலிருந்து காத்தால் போதும். பிறகு அந்த மூட்டைகளின் இடத்தில் மனிதர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். தையல்காரர், வெல்டர், அச்சுக்கோப்பவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சினிமா பார்க்கிறவர்கள். உட்சுவரைப் பற்றி மட்டும் யாருமே யோசிக்கவில்லை. நூற்றைம்பது வருடமாக நாம் மூட்டைக்குக் கட்டிய கட்டடத்தில் ஆளை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

யோசிக்கவில்லை என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. மரபாக நம்மிடம் ஒரு நல்ல உட்சுவர் இருந்தது. மூங்கில் பிளாச்சை முடைந்து தட்டியாக்கி, அதன்மேல் வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசி, சாணி மெழுகி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். பிரான்சின் கிராமங்களிலும் இதே வேலை உண்டு, தொர்ஷி என்பார்கள். மண் ஈரத்தை உறிஞ்சும், வெயில் ஏறினால் திருப்பிக் கொடுக்கும். தீப்பிடிக்காது. சுண்ணாம்புக்கு நாங்கள் வெளியூர் போக வேண்டியதே இல்லை, கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டால் போதும். காரைக்கால் மீனவர் கிராமம் ஒன்றின் பெயரே கிளிஞ்சல்மேடு. ஆனால் மண் பூச ஆள் வேண்டும், வருஷா வருஷம் மெழுக வேண்டும். தகரம் போட்டவன் அந்தத் தொந்தரவிலிருந்து தப்பிக்கத்தானே தகரம் போட்டான்? அதனால் மண்ணை விட்டுவிட்டுத் தட்டியை மட்டும் எடுத்துக்கொண்டான். கீற்று, கோரைப்பாய், பனையோலைத் தட்டி எது மலிவோ அதைத் தகரத்துக்கு அடியில் கட்டினான்.

சூட்டுக்கும் சொட்டுக்கும் கீற்றுக்கு இணை கிடையாது. அதை மறுக்க முடியாது. ஆனால் தீ! இதை எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. 1997 ஜூன் 7 ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயிலில் யாகசாலைப் பந்தல் பற்றிக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2004 ஜனவரி 23 ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் கல்யாணக் கொட்டகை எரிந்து மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே வருடம் ஜூலை 16 ஆம் தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். மூன்றும் நம் காவிரிக் கரை. அவை தகரக் கொட்டகைகள் இல்லைதான். ஆனால் மூன்றிலும் தலைக்குமேல் இருந்தது காய்ந்த கீற்று. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். பட்டறைகளில் யார் போய்ச் சொன்னார்கள்? வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில், பெட்ரோல் டப்பா திறந்திருக்கும் இடத்தில், தகரத்துக்கு அடியில் கீற்றைக் கட்டி வைத்திருப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன்.

கும்பகோணத்துத் தீயின் வருடம் முடிவதற்குள் சுனாமி வந்தது. பிறகு நாகை மாவட்டத்தில் தற்காலிகக் குடியிருப்புகள் வந்தன. பலவற்றில் தார் பூசிய நெளி அட்டைகளைச் சுவராகவும் கூரையாகவும் நிறுத்தினார்கள். அவசரத்தில் செய்தது, குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. 2005 சித்திரையில் தெரிந்த குடும்பம் ஒன்றைப் பார்க்க அப்படி ஓரிடத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி. வரிசையாகக் குடிசைகள், உள்ளே ஓர் ஆள் இல்லை. எல்லோரும் வெளியே இருந்த ஒரே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து உள்ளே தலையை நீட்டினேன், அடுப்பு வாய் மாதிரி அடித்தது. "பகல்ல இது சாமான் வைக்கத்தான் சார்" என்றார் அந்த வீட்டு அம்மாள். மூட்டைக்குக் கட்டியதில் ஆளை வைப்பது என்று மேலே சொன்னேனே, அதை அன்றுதான் நேரில் கண்டேன்.

இப்போது என் பங்கு.

1983 ஆம் ஆண்டு. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பிரெஞ்சு நிர்வாகக் காலத்துப் பதிவேடுகள் சில இருந்த அறை ஒழுகியது. அவற்றை வைக்கப் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை போட முடிவாயிற்று. எத்தா சிவில் பதிவேடுகள். பிறப்பு, திருமணம், இறப்பு. எங்கள் பகுதியில் இந்த ஏடுகளுக்கு இருக்கும் மரியாதையை வெளியூர் நண்பர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். 1962 இல் சட்டபூர்வமாக இணைப்பு நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அன்று முதல் இன்றுவரை யார் யாருக்குப் பிறந்தார் என்பதற்கு அந்த ஏட்டின் நகல்தான் சாட்சி. பென்ஷன், கடவுச்சீட்டு, சொத்து எல்லாம் அதில் தொங்கும்.

கொட்டகைக்கு உட்சுவர் வேண்டும் என்று மேலதிகாரி சரியாகவே எழுதியிருந்தார். இரண்டு மதிப்பீடுகள் வந்தன. ஒன்றில் அடியில் மூன்றடி செங்கல், மேலே தகரத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சட்டம், அதில் பலகை, கீழும் மேலும் காற்றுப்போக்கி. மற்றதில் தகரத்தை ஒட்டியே மர ரீப்பர் அடித்து அதன்மேல் ஹார்ட்போர்டு, இடுக்கு எல்லாம் மக்கு வைத்து அடைப்பு. பின்னது கிட்டத்தட்டப் பாதி விலை. ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தது நான். குறைந்த விலையை ஏற்கலாம் என்று குறிப்பு எழுதி முதல் கையெழுத்துப் போட்டதும் நான். வேலை முடிந்ததும் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? பிளெயின் சுவர், பச்சை டிஸ்டெம்பர். எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்று வருடம் கழித்து ஒரு பாட்டி வந்தார். கணவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் காலமாகிவிட்டார், விதவைக்கான ஓய்வூதியத்துக்குத் திருமணப் பதிவின் நகல் வேண்டும். ஏட்டை எடுக்கப் போன பியூன் வெறுங்கையோடு வந்து என் காதோரம், "சார், நீங்களே வந்து பாத்துடுங்க" என்றான்.

அலமாரி சுவரை ஒட்டி நின்றது. ஏட்டை இழுத்தேன். முதுகும் அட்டையும் கையோடு வந்தன, உள்ளே பாதி மண். சுவரில் விரலை வைத்து அழுத்தினேன், ஹார்ட்போர்டு பிஸ்கட் மாதிரி உள்ளே போயிற்று. பிய்த்துப் பார்த்தோம். பின்பக்கம் முழுக்கக் கறுத்து, நனைந்து, ஊறியிருந்தது. தகரம் மூன்று பனிக்காலம் வேர்த்திருக்கிறது. வேர்த்த நீர் போக வழியில்லை, காற்று வரவும் வழியில்லை. நாங்கள்தான் மக்கு வைத்து அடைத்துவிட்டோமே. ஈரமான மரம், இருட்டு, யாரும் தொந்தரவு செய்யாத இடம். கரையானுக்கு அரசாங்கச் செலவில் மாளிகை. முன்பக்கத்துப் பச்சை டிஸ்டெம்பரில் ஒரு கீறல்கூட இல்லை.

பதினோரு ஏடுகள் போயின. பாட்டியின் ஏடும் அதில் ஒன்று.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு, எத்தா சிவில் ஏட்டை இரண்டு பிரதி எழுதுவார்கள். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்காது. அந்த இரண்டாம் பிரதியைத் தேடிக் கடிதம் எழுதினோம். நானே பிரெஞ்சில் எழுதினேன், எட்டுக் கடிதம். நகல் வந்து சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை பாட்டி மாதம் ஒருமுறை வருவார். பெஞ்சில் உட்காருவார், ஒன்றும் கேட்கமாட்டார், பகல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். நகலைக் கையில் கொடுத்த அன்று, "ரெண்டு மாட்டையும் வித்துட்டேன் தம்பி, இனிமே பால்காரிகிட்டதான் வாங்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பதினான்கு மாதம் எப்படிச் சாப்பிட்டார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. கோப்பில் அந்த ஒப்பீட்டுப் பட்டியலைத் தேடி எடுத்து என் கையெழுத்தை ஒருமுறை பார்த்தேன். யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. குறைந்த விலையை ஏற்றதற்கு யார் விளக்கம் கேட்பார்கள்?

ஆகவே தம்பி மகன், "ஒட்டி ஒரு பிளைவுட் அடிச்சுடலாமா பெரியப்பா? வெல்டர் அண்ணன் ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்னு சொல்றாரு" என்று கேட்டபோது நான் கொஞ்சம் சத்தமாகவே வேண்டாம் என்றேன். பையன் பயந்துவிட்டான். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன்.

எதைப் போடுவது என்பதில் ஒரு மாதம் விவாதம். ஆஸ்பெஸ்டாஸ் தட்டையான ஷீட் பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். 1901 இல் ஹாட்ஷெக் என்ற ஆஸ்திரியர் சிமெண்டோடு கல்நாரைக் கலந்து எட்டர்நிட் என்று பெயர் வைத்தார், 'நித்தியமானது' என்ற பொருளில். சாமான் நித்தியம்தான், அறுக்கிறவனின் நுரையீரல் நித்தியமில்லை. பிரான்ஸ் 1997 ஜனவரி 1 முதல் கல்நாரைத் தடை செய்தது. 2006 இல் அவர்களின் பழைய போர்க்கப்பல் கிளெமான்சோவை உடைக்க நம் குஜராத்துக்கு அனுப்பி, அதில் கல்நார் இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்ததும் பாதி வழியில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இங்கே இன்னும் தடையில்லை. பழைய ஷீட்டை அறுத்துத் துளை போடுவது இருப்பதிலேயே மோசமான வேலை. வேண்டவே வேண்டாம் என்றேன்.

தெர்மோகோல் நடுவில் வைத்த பேனல்கள் அழகானவை, வேகமானவை, சூட்டையும் தடுக்கும். ஆனால் தெர்மோகோலில் ஒரு வெல்டிங் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று பொங்கலுக்கு டிவி வந்த அட்டைப் பெட்டியின் துண்டு ஒன்றை வைத்துக் காட்டினேன். கொள்ளியை அருகில் கொண்டுபோனதுமே சுருங்கி, கறுப்புப் புகை விட்டுச் சொட்டியது. அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது.

ஜிப்சம் போர்டில் எனக்கு ஆசை இருந்தது, பழைய பாசம். பாரிஸ் சாந்து என்று உலகமே சொல்வது மோன்மார்த்ர் குன்றைக் குடைந்து எடுத்த ஜிப்சத்தைச் சுட்ட மாவுதான். 1666 இல் லண்டன் எரிந்தது. மறு வருடமே பதினான்காம் லூயி, பாரிஸில் மரச்சட்ட வீடுகளின் சுவர்களுக்குச் சாந்து பூச வேண்டும் என்று ஆணையிட்டார். ராஜாவுக்குக் கொத்து வேலை தெரியாது, ஆனால் ஆணையில் நியாயம் இருக்கிறது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதன் படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீ பட்டால் அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை பின்னால் இருக்கும் மரத்துக்குச் சூடு போகாது. நம் திருச்சி, அரியலூர்ப் பக்கத்து மண்ணிலும் ஜிப்சம் உண்டு. எல்லாம் சரி, ஆனால் அந்தப் போர்டு ஈரத்தில் ஊறினால் பலம் போய்விடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஐப்பசி கார்த்திகையில் தரையிலிருந்தே ஈரம் ஏறும் ஊரில், மெஷின் கழுவிய தண்ணீர் தெறிக்கும் பட்டறையில் அதற்கு வேலை இல்லை. வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங்குக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் வந்து நின்றது 1983 இல் நான் தள்ளிவிட்ட முதல் மதிப்பீட்டில்தான். பலகைக்குப் பதில் கல்நார் கலக்காத எட்டு மில்லிமீட்டர் சிமெண்ட் ஃபைபர் போர்டு. மற்றதெல்லாம் அப்படியே.

அடியில் மூன்றடிக்குச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு. அதற்கு மேலே தகரத்தைத் தாங்கும் படுக்கைப் பைப்புகளின் உட்பக்கத்தில் ஜிஐ சேனலைச் செங்குத்தாக நிறுத்தினோம். செங்குத்தாக என்பது முக்கியம், வெல்டர் முதலில் படுக்கையாகத்தான் வைக்கப் பார்த்தார். படுக்கையாக வைத்தால் உள்ளே ஏறும் காற்றை அதுவே மறிக்கும். நிமிர்த்தி வைத்தால் தகரத்துக்கும் போர்டுக்கும் நடுவில் கீழிருந்து கூரைவரை இரண்டு அங்குலச் சந்து ஓடும். பகலில் தகரம் சுட்டால் அந்தச் சந்தின் காற்றுதான் சுடும், சுட்ட காற்று மேலேறிப் போய்விடும். கூரை உச்சியில் இரண்டு காற்றாடி வைத்திருக்கிறோம், தாமாகச் சுற்றுபவை. சந்தின் கீழ்வாயில் கம்பிவலை, எலிக்காகவும் பாம்புக்காகவும். இரவில் தகரம் வேர்த்தால் நீர் தகரத்தின் முதுகிலேயே இறங்கிச் செங்கல் தலைமேல் விழும். அங்கே வெளிப்பக்கமாகச் சரித்துப் பூசியிருப்பதால் வெளியே போய்விடும். கூரைக்கு அடியில் கம்பிவலை கட்டி அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கம்பளி, தாள் பக்கம் கீழே பார்க்க. ஈரக்காற்று தகரத்தைத் தொடாமல் அந்தத் தாள்தான் தடுக்கிறது. ஓரங்களில் டேப் ஒட்டுவதற்கு மட்டும் ஒரு முழு நாள் பிடித்தது.

போர்டை அறுக்கும்போது தூசி பறக்கும், அதுவும் நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் விட்டு, வெளியில் வைத்து, முகமூடி போட்டு அறுக்கச் சொன்னேன். "பெரியவரு இருக்கற வரைக்கும் போட்டுக்கறோம்" என்று வெல்டரின் உதவியாள் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால் இருந்துகொண்டேன், நாலு நாள். பசை எதுவும் கிடையாது, எல்லாம் திருகாணி. எந்தப் போர்டையும் பத்து நிமிடத்தில் கழற்றிப் பின்னால் பார்க்கலாம். ஒயர் எல்லாம் போர்டுக்கு வெளியே பைப்பில். ஸ்பேனர் மாட்ட எட்டு மில்லிமீட்டர் போர்டு தாங்காது, அதற்கு மட்டும் வெல்டிங் மேசைக்கு எதிர்ப்புறச் சுவரில் இரண்டடி அகலத்துக்குப் பிளைவுட் பட்டை. எமல்ஷன் அடிக்கலாம் என்றான். சுண்ணாம்பு போதும் என்றேன். இருட்டுப் பட்டறைக்கு அதைவிட வெளிச்சம் தரும் பெயிண்ட் கிடையாது. இதிலும் கொஞ்சம் வாக்குவாதம், பெரியப்பா என்ற ஹோதாவில் நான் ஜெயித்தேன்.

சுவருக்கு முன்னால், மாசியில் ஒரு பகல் இரண்டு மணிக்கு வெளியே 33 டிகிரி, உள்ளே 39. வேலை முடிந்து வைகாசியில் அதே நேரத்தில் வெளியே 38, உள்ளே 36. என் பேத்தியின் தெர்மாமீட்டர், நானே மூன்று முறை பார்த்து எழுதியது. பையன்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்போது உள்ளேயே படுக்கிறார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. பணம் மூன்று சுவரோடு தீர்ந்துவிட்டது. கிழக்குப் பக்கம் இன்னும் வெறும் தகரம். இந்த மார்கழியில் ஒரு விடிகாலை, அதே ஐந்தரை மணிக்கு, போன் வந்தது. இந்த முறை எனக்கு வயிறு கலங்கவில்லை.

"பெரியப்பா, மூணு பக்கமும் காஞ்சு கெடக்கு. கிழக்கு மட்டும் அழுவுது."

லேத்தை மேற்குப் பக்கம் நகர்த்திவிட்டோம். அதை நகர்த்த ஆறு பேரும் இரண்டு உருட்டுக் குழாயும் வேண்டியிருந்தன. போகும்போது தென்சுவரில் ஒரு போர்டைக் கழற்றிப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது, ஒரு பல்லிதான் இருந்தது. கிழக்குச் சுவரைச் சித்திரைக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை அந்தப் பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூல்களை மட்டும் போட்டு வைத்திருக்கிறோம்.